கோப்பை மாற்றிய பிறகும் நூலகத்தில் பழைய தொழில்நுட்ப விவரமே தெரிகிறது: புதுப்பிப்பது எப்படி?

ஒளித்தடம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாஸ் பெட்டி (வீட்டு வலையமைப்பில் இணைந்த சேமிப்பகம்) ஒன்றில் படங்களைச் சேமித்து, தொலைக்காட்சியோடு இணைத்த சிறிய கணினியில் ‘கோடி’ (Kodi) என்ற மீடியா பிளேயரின் 20-ஆம் பதிப்பு வழியாகப் பார்த்து வருகிறேன். நூலகத்தில் 900-க்கும் சற்று மேற்பட்ட படங்கள் உள்ளன. டிவிடி வட்டுகளிலிருந்து முன்பு எடுத்திருந்த பிரதிகளில் நாற்பதை, அண்மையில் ப்ளூரே, 4கே வட்டுகளிலிருந்து எடுத்த புதிய பிரதிகளால் மாற்றினேன். எவற்றையெல்லாம் பார்த்து முடித்தேன் என்ற குறிப்பும், நானே திருத்திவைத்த தலைப்புகளும் கலைந்துவிடக் கூடாது என்பதால், பழைய கோப்பின் பெயரையே எழுத்து மாறாமல் புதிய கோப்புக்கும் கொடுத்தேன்.

படங்கள் குறையின்றி ஓடுகின்றன. பட்டியலில்தான் சிக்கல். 3840 புள்ளி அகலமுள்ள படத்துக்கு அருகில் இன்னும் 576 என்ற சின்னமே நிற்கிறது. எட்டு சேனல் ஒலி இருந்தும் இரண்டு சேனல் என்றே காட்டுகிறது. ஓடும் நேரமும் தவறாக உள்ளது: இரண்டு மணி நேரப் படத்துக்கு 115 நிமிடம் என்று வருகிறது. நூலகத்தைப் புதுப்பிக்கும் கட்டளையைப் பலமுறை கொடுத்தும் எதுவும் மாறவில்லை. தனிப் படத்தின் தகவல் பக்கத்தில் உள்ள புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால், ஏதோ செய்வதுபோல் தெரிந்து, அதே பழைய எண்கள் திரும்ப வருகின்றன. முழு நூலகத்தையும் அழித்துவிட்டு மீண்டும் உருவாக்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

சுழல்வட்டு

வேறு வழி உண்டு, நண்பரே. முழு நூலகத்தை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு செய்தால்தான் அடுத்த முறையும் இதே இடத்தில் நிற்காமல் இருப்பீர்கள் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டியலில் நீங்கள் பார்க்கும் அகலம், உயரம், கோடெக் (சுருக்க முறை), சேனல் எண்ணிக்கை, ஒலியின் மொழி, சப்டைட்டில் மொழி, ஓடும் நேரம் ஆகிய எவையும் அந்த நேரத்தில் கோப்பைத் திறந்து படித்தவை அல்ல. கோப்பு முதன்முதலில் பட்டியலில் தோன்றியபோது ஒருமுறை படித்து, தரவுத்தளத்தில் எழுதிவைத்த நகல் அது. கோடியின் வீடியோ தரவுத்தளத்தில் ஸ்ட்ரீம்டீடெய்ல்ஸ் என்ற அட்டவணை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் வீடியோவுக்கு ஒரு வரி, ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு சப்டைட்டிலுக்கும் ஒரு வரி என்று எழுதப்பட்டிருக்கும். வரியின் வகையைக் குறிக்கும் எண் வீடியோவுக்கு 0, ஒலிக்கு 1, சப்டைட்டிலுக்கு 2. ஒரு கோப்புக்கு இவ்வரிகள் ஏற்கெனவே இருந்தால், பிளேயர் அந்தக் கோப்பை மறுபடி ஆராய்வதில்லை. 900 கோப்புகளின் தலைப்பகுதியையும் ஒவ்வொரு முறையும் வலையமைப்பு வழியாகப் படித்துக்கொண்டிருந்தால் பட்டியல் நகரவே நகராது என்பதால் இந்த ஏற்பாடு சரியானதுதான்.

நூலகப் புதுப்பிப்பு ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டளை நூலகத்தில் இல்லாத புதிய கோப்புகளைத் தேடுவதற்காக உள்ளது. ஒவ்வொரு கோப்புறைக்கும் ஓர் அடையாளக் குறியைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, குறி மாறாத கோப்புறையை அது திறக்காமலே கடந்துவிடும். குறி மாறியிருந்து உள்ளே நுழைந்தாலும், அதே பெயரில் ஒரு பதிவு ஏற்கெனவே இருப்பதைக் கண்டு, புதிதாக எதுவும் இல்லை என்று வெளியே வந்துவிடும். நீங்கள் பெயரைக் காப்பாற்றியது நல்ல முடிவுதான். ஆனால் கோப்பு மாறிவிட்டது என்பதை அறிய ஸ்கேனுக்கு இருந்த ஒரே வழியும் அதனால் மூடிக்கொண்டது.

115 நிமிடக் கணக்குக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் பழைய பிரதி 576 வரிகள் கொண்ட ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிடியிலிருந்து வந்தது. நொடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தை 25 சட்டங்களாக ஓட்டுவதால், அம்முறையில் படம் ஏறத்தாழ 4 சதவீதம் விரைவாக முடிந்துவிடும். கோப்பிலிருந்து படித்த நேரம் தரவுத்தளத்தில் இருந்தால், இணையத்திலிருந்து வந்த நேரத்தைவிட அதற்கே கோடி முன்னுரிமை கொடுக்கும். ஆகவே உங்கள் திரையில் நிற்பது, இப்போது இல்லாத ஒரு கோப்பின் நீளம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். படத்தை ஓடவிட்டு, ஓடும்போது தெரியும் பிளேயர் விவரத் திரையைத் திறந்து பாருங்கள். அது கோப்பிலிருந்தே நேரடியாக வருவது. பட்டியலும் அந்தத் திரையும் முரண்பட்டால், நகல் பழையது என்று பொருள். இரண்டும் ஒன்றாக இருந்து, இரண்டுமே தவறாக இருந்தால், கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருப்பதே தவறு. அதற்கு மருந்து வேறு.

மெதுநடை

ஒளித்தடம் அவர்களுக்கு நாற்பது படங்கள்தான் என்றால் இவ்வளவு ஆராய வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு படத்தையும் சில நொடிகள் ஓட்டி நிறுத்தினால் போதும். நிறுத்தும்போது கோப்பின் உண்மையான விவரமும் சேமித்த விவரமும் வேறுபட்டால், பிளேயர் தானே தரவுத்தளத்தைத் திருத்திக்கொள்ளும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். அதுவும் பிடிக்கவில்லையென்றால், படத்தை நூலகத்திலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்யலாம்.

சுழல்வட்டு

ஓட்டி நிறுத்தும் முறை சரியானது, ஐந்தாறு படங்களுக்கு அதுவே எளியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இயல்பான அமைப்பில் முதல் 180 நொடிகளுக்குள் நிறுத்தினால் பாதியில் விட்ட இடம் என்ற குறிப்பும் புதிதாக எழுதப்படாது. ஆனால் தொலை இயக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது முறை அதைச் செய்வது பொறுமையைச் சோதிக்கும். ஒரு தொடரின் இருநூறு பகுதிகளை மாற்றியவருக்கு அது இயலவே இயலாது.

நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்படத் திருத்திய தலைப்பு, தேர்ந்தெடுத்து வைத்த சுவரொட்டி, நாமே இட்ட குறிச்சொற்கள் ஆகிய யாவும் அந்தப் பதிவோடு சேர்ந்தே போகும். ஒளித்தடம் தம் முதல் இடுகையிலேயே அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தொழில்நுட்ப விவரம் பழையதாகிவிட்டது என்பதற்காக, அதோடு தொடர்பே இல்லாத உழைப்பைத் தூக்கி எறிய வேண்டாம்.

நான் செய்வது இதுதான். முதலில் பிளேயரை முழுவதுமாக மூட வேண்டும், பின்னணியில்கூட ஓடக் கூடாது. யூசர்டேட்டா கோப்புறைக்குள் டேட்டாபேஸ் என்ற துணைக்கோப்புறை இருக்கும். கோடி 20-இல் வீடியோ தரவுத்தளக் கோப்பின் பெயர் மைவீடியோஸ்121 (19-ஆம் பதிப்பில் 119, 21-ஆம் பதிப்பில் 131). பழைய எண்ணுள்ள கோப்புகளும் அங்கேயே கிடக்கலாம் என்பதால், எதைத் திறக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அந்தக் கோப்பை வேறோர் இடத்துக்கு நகலெடுத்து வைத்துவிட்டு, எஸ்கியூலைட் (அந்தத் தரவுத்தளத்தின் கோப்பு வடிவம்) கோப்புகளைத் திறக்கும் ஏதேனும் ஒரு மென்பொருளில் திறவுங்கள். ஃபைல்ஸ் அட்டவணையில் மாற்றிய படத்தின் கோப்புப் பெயரைத் தேடினால் அதற்குரிய எண் கிடைக்கும். ஸ்ட்ரீம்டீடெய்ல்ஸ் அட்டவணையில் அதே எண்ணைக் கொண்ட எல்லா வரிகளையும் நீக்குங்கள். வீடியோ வரியை மட்டும் நீக்கி ஒலி வரிகளை விட்டுவைக்காதீர்கள். மூன்று வகையும் சேர்ந்துதான் ஒரு தொகுதி. அதில் ஏதாவது எஞ்சியிருந்தால் விவரம் இருக்கிறது என்றே பிளேயர் எடுத்துக்கொள்ளும்.

பிறகு பிளேயரைத் திறந்து, அமைப்புகளின் மீடியா பகுதியில் வீடியோஸ் என்பதன்கீழ், கோப்புகளிலிருந்து வீடியோ விவரங்களை எடுக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் சின்னங்கள் வெறுமையாகவே நிற்கும், நீங்களும் என்னைக் குறை சொல்வீர்கள். இயக்கத்தில் இருந்தால், படப்பட்டியலைத் திறந்து சற்று நேரம் அங்கேயே விட்டுவையுங்கள். விவரம் இல்லாத கோப்புகளை மட்டும் பின்னணியில் ஒவ்வொன்றாகத் திறந்து படித்து நிரப்பிக்கொள்ளும். பட்டியலை விட்டு வெளியேறினால் அந்த வேலையும் நின்றுவிடும்.

இழைபிரிப்பான்

இந்தப் படிப்பு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கோப்பின் அமைப்பைப் பொறுத்தது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். கோடி, வீட்டு மீடியா சேவையகமான ஜெல்லிஃபின் இரண்டுமே இதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி-ஒளி மென்பொருள் தொகுப்பைத்தான் நம்பியிருக்கின்றன. மட்ரோஸ்கா (எம்கேவி) கோப்பில் தடங்களின் விவரம் தொடக்கத்திலேயே இருப்பதால், ஒரு சிறு பகுதியைப் படித்தாலே போதும். எம்பி4 கோப்பில் அவ்விவரத்தைக் கொண்ட மூவ் என்ற பெட்டி சில நேரங்களில் கோப்பின் கடைசியில் இருக்கும். அப்போது பிளேயர் கோப்பின் இறுதிவரை தாவிச் சென்று படிக்க வேண்டும். ஒளிபரப்பிலிருந்து பதிவு செய்த டிஎஸ் கோப்புகளில் மொத்தத் தலைப்பகுதி என்று ஒன்று இல்லவே இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள நேரக்குறிகளை ஒப்பிட்டுத்தான் நீளத்தைக் கணிக்க வேண்டும். நாஸ் பெட்டியின் வன்தட்டு உறங்கிக்கொண்டிருந்தால் அது சுழலத் தொடங்கும் வரை காத்திருக்கும் நொடிகளும் இதோடு சேரும்.

ஜெல்லிஃபினில் இந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் வரும். அது கோப்பின் கடைசித் திருத்தத் தேதியைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஸ்கேனின்போது தேதி மாறியிருந்தால் கோப்பை மறுபடி ஆராயும். பெரும்பாலும் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் சேர்த்தவை என்ற வரிசை குலையக் கூடாது என்று கருதி, புதிய கோப்புக்குப் பழைய தேதியையே ஒட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அப்போது அதுவும் ஏமாந்துவிடும். அதுபோன்ற இன்னொரு சேவையகமான பிளெக்ஸில் தகவல் புதுப்பிப்பும் கோப்பை ஆராய்வதும் இரண்டு தனித்தனிக் கட்டளைகள். அனலைஸ் என்பதை அழுத்தினால்தான் கோப்பை மறுபடி படிக்கும்.

கோப்புறைத் தேதியை நம்பும் எந்த ஸ்கேனுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கோப்புறைக்குள் ஒரு பெயர் சேர்ந்தாலோ நீங்கினாலோ மாறினாலோதான் கோப்புறையின் தேதி மாறும். இருக்கும் கோப்பின் உள்ளடக்கத்தை அதே இடத்தில் மேலெழுதினால், கோப்பின் தேதி மாறும், கோப்புறையின் தேதி அப்படியே இருக்கும்.

ஒளித்தடம்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. முதலில் ஒரே ஒரு படத்தில் செய்து பார்த்தேன். பிளேயர் விவரத் திரை 3840 என்றது, பட்டியல் 576 என்றது, எனவே நகல்தான் பழையது என்று உறுதியானது. தரவுத்தளத்தை நகலெடுத்து வைத்துவிட்டு, அந்தப் படத்துக்குரிய ஆறு வரிகளை நீக்கினேன். பிளேயரைத் திறந்து பட்டியலில் காத்திருந்ததும் 4கே என்ற சின்னமும், 7.1 ஒலியும், சரியான நேரமும் வந்துவிட்டன. பார்த்ததற்கான குறி கலையவில்லை.

பிறகு சுவரொட்டியும் புதிதாக இருக்கட்டும் என்று எண்ணி, தகவல் பக்கத்தில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். உடனே 576-உம் 115 நிமிடமும் திரும்பி வந்துவிட்டன. நீக்கிய வரிகள் எங்கிருந்து உயிர்பெற்று வந்தன என்று எனக்கு விளங்கவில்லை.

மெதுநடை

உங்கள் படக் கோப்புகளுக்குப் பக்கத்தில் என்எஃப்ஓ என்ற நீட்டிப்புடைய சிறு கோப்புகள் இருக்கின்றனவா?

ஒளித்தடம்

இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் கணினியை மாற்றியபோது, பாதுகாப்புக்காக நூலகத்தைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்தேன். அதன் பிறகு அவற்றைத் தொட்டதே இல்லை.

மெதுநடை

அப்படியானால் காரணம் அங்கேதான் இருக்கிறது. என்எஃப்ஓ கோப்பில் கதைச்சுருக்கமும் நடிகர் பெயர்களும் மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஏற்றுமதி செய்யும்போது ஃபைல்இன்ஃபோ என்ற பகுதிக்குள் தொழில்நுட்ப விவரமும் எழுதப்படுகிறது. புதுப்பிக்கும்போது உள்ளூர்க் கோப்பு இருப்பதைக் கண்டால் பிளேயர் அதையே படிக்கும். அதில் 576 என்று எழுதியிருந்தால் தரவுத்தளத்திலும் 576 என்றே எழுதும். விவரம் கிடைத்துவிட்டதால் உண்மைக் கோப்பைத் திறந்து பார்க்கும் தேவையும் அதற்கு எழாது. நீங்கள் முதலில் பலமுறை புதுப்பித்தும் பயன் கிடைக்காததற்கும் இதுவே காரணம்.

அந்தக் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து, ஃபைல்இன்ஃபோ தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை உள்ள பகுதியை மட்டும் நீக்குங்கள். தலைப்பு, கதைச்சுருக்கம் ஆகியவற்றைத் தொட வேண்டாம். வெளி மென்பொருள் ஒன்றால் நூலகத்தைப் பராமரிப்பவர்கள், அதிலேயே கோப்பு விவரத்தை மீண்டும் படிக்கச் செய்து, புதிய என்எஃப்ஓ எழுதச் சொல்லலாம். அப்படிச் செய்தால் விவரம் அழியாது, திருத்தமாகிவிடும். நாற்பது கோப்புகளைக் கையால் திருத்துவதைவிட அது நல்லது என்பது என் எண்ணம்.

சுழல்வட்டு

மெதுநடை சரியாகப் பிடித்துவிட்டார். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வரிசையை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: முதலில் என்எஃப்ஓ, பிறகு தரவுத்தளம். மாற்றிச் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் உழைப்பு வீணாகும்.

வெண்திரை

இந்த இழையைப் படித்த பிறகு என் நூலகத்திலும் சோதித்தேன். எனக்கு நகலும் கோப்பும் ஒத்துப்போகின்றன, ஆனால் இரண்டுமே தவறு. தமிழ் ஒலித்தடம் மட்டுமே உள்ள படங்கள் பலவற்றுக்கு, ஒலியின் மொழி ஆங்கிலம் என்று வருகிறது. யாரும் அப்படி எழுதவில்லை.

இழைபிரிப்பான்

யாரும் எழுதாததால்தான் அப்படி வருகிறது. மட்ரோஸ்கா வரையறையில், தடத்துக்கு மொழி குறிப்பிடப்படாவிட்டால் அது ஆங்கிலம் என்றே கொள்ளப்பட வேண்டும். 2024-இல் ஆர்எஃப்சி 9559 என்ற எண்ணில் வெளியான வரையறையிலும் அந்த இயல்புநிலை அப்படியே உள்ளது. மட்ரோஸ்கா கோப்புகளைக் கையாளும் எம்கேவிடூல்நிக்ஸ் தொகுப்பில் உள்ள எம்கேவிப்ராப்எடிட் என்ற கருவியால், படத்தை மறுபடி பொதியாமலே தலைப்பகுதியில் மட்டும் மொழியைத் தமிழ் என்று எழுதலாம். தமிழுக்கான மூன்றெழுத்துக் குறியீட்டில் டி, ஏ, எம் என்ற எழுத்துகள் வரும். பல ஜிகாபைட் கோப்பானாலும் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும்.

திருத்திய பிறகு, நூலகத்தில் உள்ள நகல் பழையதாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். கோப்பின் பெயர் மாறியிருக்காது, அளவுகூடப் பெரும்பாலும் மாறியிருக்காது. எனவே சுழல்வட்டு சொன்ன முறையில் அந்தக் கோப்புகளின் வரிகளையும் நீக்க வேண்டும்.

ஒளித்தடம்

நாற்பது படங்களையும் முடித்துவிட்டேன். என்எஃப்ஓ கோப்புகளில் அந்தப் பகுதியை நீக்கிய பிறகு, எத்தனை முறை புதுப்பித்தாலும் சரியான எண்களே நிற்கின்றன.

இன்னொரு கேள்வி எழுகிறது. கோடி 19 வைத்திருந்த காலத்திலேயே சேர்த்த 4கே படங்கள் இருபதுக்கும் மேல் உள்ளன. அவற்றை நான் மாற்றவே இல்லை. அவற்றின் அகலமும் ஒலியும் சரியாக உள்ளன. ஆனால் புதிதாகச் சேர்த்தவற்றுக்கு வரும் எச்டிஆர் (விரிந்த ஒளிர்வு வரம்பு) சின்னம் அவற்றுக்கு மட்டும் வருவதில்லை.

சுழல்வட்டு

கோப்பு மாறாமலே நகல் பழையதாகும் நிலை இது. எச்டிஆர் வகையைச் சேமிக்கும் பத்தி, 2023 ஜனவரியில் வெளியான 20-ஆம் பதிப்பில்தான் தரவுத்தளத்தில் சேர்ந்தது. பதிப்பை உயர்த்தியபோது அட்டவணையில் புதிய பத்தி உருவானது, ஆனால் பழைய வரிகளில் அது வெறுமையாகவே விடப்பட்டது. அந்தக் கோப்புகளுக்கு விவரம் ஏற்கெனவே இருப்பதால் பிளேயர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடியோ வரியில் அகலம் 3800-க்கு மேல் இருந்து, எச்டிஆர் பத்தி வெறுமையாக உள்ள கோப்புகளின் எண்களைத் தேடி எடுத்து, அவ்வெண்களுக்குரிய மூவகை வரிகளையும் ஒருசேர நீக்குங்கள்.

அட்டவணையை முழுவதுமாகக் காலி செய்தாலும் பலன் ஒன்றுதான் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அப்போது 900 கோப்புகளையும் மீண்டும் திறந்து படிக்க வேண்டும். இருபது கோப்புக்காக அதைச் செய்ய நான் விரும்ப மாட்டேன்.

ஒளித்தடம்

செய்துவிட்டேன். தேடலில் 23 கோப்புகள் வந்தன, இருபதுக்குச் சின்னம் வந்துவிட்டது. மூன்று மட்டும் மீண்டும் வெறுமையாகவே நிற்கின்றன. அவை எச்டிஆர் படங்கள்தான் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அளவைக் குறைப்பதற்காக நானே மறுபடி சுருக்கிய கோப்புகள் அவை. ஓட்டிப் பார்த்தால் நிறங்கள் வெளிறித் தெரிகின்றன.

இழைபிரிப்பான்

நிறம் வெளிறுவதே விடை. அந்த மூன்றுக்கும் நகல் சரியாகவே உள்ளது, கோப்பில்தான் விவரம் இல்லை. எச்டிஆர்10 என்பதை பிளேயர் அறிவது ஒளிர்வு மாற்றப் பண்பைக் குறிக்கும் எண்ணைக் கொண்டுதான். மறுசுருக்கத்தின்போது அந்த எண் விடுபட்டிருந்தால், பட்டியலுக்கும் தெரியாது, தொலைக்காட்சிக்கும் தெரியாது. எம்கேவிப்ராப்எடிட் கொண்டு வீடியோ தடத்தின் மாற்றப் பண்புக்கு 16 என்றும், முதன்மை நிறங்களுக்கு 9 என்றும் எழுதுங்கள். 16 என்பது எச்டிஆர்10 பயன்படுத்தும் ஒளிர்வு வளைவையும், 9 என்பது பிடி.2020 நிறப் பரப்பையும் குறிக்கும். பின்பு அந்த மூன்று கோப்புகளின் வரிகளை மட்டும் மறுபடி நீக்கிப் பாருங்கள்.

ஒளித்தடம்

எழுதி, வரிகளை நீக்கி, பட்டியலைத் திறந்தேன். மூன்றுக்கும் சின்னம் வந்துவிட்டது, தொலைக்காட்சியும் எச்டிஆர் நிலைக்கு மாறுகிறது. தலைப்பில் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி.